பழைய மின் அடுப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய அடுப்பைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் இருந்த டெர்மினல் மூடியைக் கழற்றினேன். நீல நிறத்தில் இருக்க வேண்டிய நியூட்ரல் ஒயர் கருகிப் பழுப்பாகியிருந்தது. விரல் பட்டதும் அதன் உறை சருகு மாதிரி நொறுங்கிக் கொட்டியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகிப் பார்த்தால் அந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் முக்கால் சுற்றுச் சுற்றியது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. இத்தனைக்கும் பல வருடங்களாக ஓடிய அடுப்பு அது. ஒரு நாளும் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை, அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் எம்சிபி ஒரு தடவைகூட ட்ரிப் ஆனதில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே போதும். லூஸாக இருக்கும் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக 30 ஆம்பியர் போனால், 30-ஐ 30-ஆல் பெருக்கி 0.05-ஆல் பெருக்க வேண்டும். 45 வாட் வருகிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றை அந்த ஸ்க்ரூவின் மேலேயே மணிக்கணக்கில் வைத்திருப்பதற்குச் சமம். ஆனால் எம்சிபி பார்ப்பது 30 ஆம்பியரை மட்டும்தான், அதற்கு அது வழக்கமான லோடு. எர்த்துக்கு எதுவும் கசியாததால், கசிவைக் கண்டால் அணைக்கும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். வீட்டின் மின் பலகையில் இருக்கும் இந்த இரண்டு பாதுகாப்புக் கருவிக்கும் லூஸ் கனெக்‌ஷன் கண்ணில் படாது.

அதனால்தான் மின் அடுப்பு மாற்றும் வேலையில் நான் இரண்டே விஷயங்களுக்குப் பயப்படுகிறேன். சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒயர் புதிய அடுப்பைத் தாங்குமா என்பது ஒன்று. ஸ்க்ரூக்கள் உண்மையிலேயே இறுகியிருக்கின்றனவா என்பது இன்னொன்று. மற்றதெல்லாம் வரிசை தவறாமல் செய்தால் முடிந்துவிடும். இங்கே அடுப்பு என்று சொல்வது மேலே நான்கு தட்டும் கீழே ஓவனும் சேர்ந்த பெரிய மின் அடுப்பை, அல்லது அதே அளவு மின்சாரம் இழுக்கும் இண்டக்‌ஷன் அடுப்பை. சாதாரணப் பிளக்கில் சொருகும் ஒற்றைத் தட்டுக்கு இத்தனை பாடு தேவையில்லை.

நீங்களே செய்யலாமா?

இது திறமையை மட்டும் பொறுத்த கேள்வி இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி நிலையான இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்யலாம். வீட்டுக்காரர் கை வைத்தால் சட்டவிரோதம். இங்கிலாந்தில் ஏற்கெனவே இருக்கும் சர்க்யூட்டில் பழைய அடுப்புக்குப் பதில் புதியது வைப்பதற்கு உள்ளூர்க் கட்டட அதிகாரிகளுக்கு அறிவிப்புத் தேவையில்லை. ஆனால் பலகையிலிருந்து புதிய சர்க்யூட் இழுத்தால் விதி மாறிவிடும். உங்கள் ஊரில் என்ன விதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்போடு வந்த வாரண்டி அட்டையையும் படியுங்கள், எலக்ட்ரீஷியன் இணைத்தால்தான் செல்லும் என்று அதில் எழுதியிருக்கலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

விதி அனுமதித்தாலும் நான்கு இடங்களில் வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்வேன்: சுவரிலிருந்து வரும் ஒயர் அலுமினியமாக இருந்தால், எர்த் ஒயரே இல்லாவிட்டால், உறை துணி அல்லது பழைய ரப்பராக இருந்தால், ஸ்விட்சிலோ ஒயரிலோ கருகிய தடம் இருந்தால். நான் பார்த்த அந்தக் கருகிய நியூட்ரலும் இந்தப் பட்டியலில்தான் வரும். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இணைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். உள்ளே எவ்வளவு தூரம் சூடு ஏறியிருக்கிறது என்பதைச் சோதிக்காமல் அதைச் செய்யக் கூடாது.

அடுப்பு வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு

புதிய அடுப்பின் விவரத்தட்டில் மொத்த வாட் எழுதியிருக்கும். அதை வீட்டு வோல்ட்டேஜான 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 7.2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 31 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. ஓவனும் நான்கு தட்டும் சேர்ந்து 10.5 கிலோவாட் என்றால் 45.7 ஆம்பியர்.

இந்த எண்ணைப் பார்த்துப் பலர் மிரண்டுபோய் 45 ஆம்பியர் எம்சிபி மாட்டச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். எல்லாத் தட்டும் ஓவனும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் ஓடுவது அபூர்வம். ஓடினாலும் தெர்மோஸ்டாட் ஒவ்வொன்றையும் விட்டு விட்டுத்தான் எரிய விடும். அதனால் வீட்டு அடுப்புக்கு எலக்ட்ரீஷியன்கள் ஒரு சலுகைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வழங்கும் கணக்கு இது: முதல் 10 ஆம்பியரை அப்படியே எடுத்துக்கொள், மீதியில் 30 சதவீதத்தைச் சேர், அடுப்பு ஸ்விட்சிலேயே ஒரு சாக்கெட்டும் இருந்தால் இன்னொரு 5 சேர். நம்முடைய 45.7-க்குப் போட்டுப் பாருங்கள். 10 போக மீதி 35.7, அதில் 30 சதவீதம் 10.7. மொத்தம் 20.7. சாக்கெட்டோடு 25.7. ஆக, 10.5 கிலோவாட் அடுப்பு 32 ஆம்பியர் சர்க்யூட்டில் நிம்மதியாக உட்காரும். ஆனால் தயாரிப்பாளரின் கையேடு இதைவிடப் பெரிய சர்க்யூட் வேண்டும் என்று சொன்னால் கையேட்டுக்கே மதிப்பு.

அடுத்து ஒயர். இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறோம். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கே ஓடுகிறது என்று கேட்க மாட்டார்கள். பிரிட்டனின் ஒயரிங் தரவிதியான பிஎஸ் 7671-இன் அட்டவணைப்படி, எர்த்தோடு சேர்ந்த 6 சதுர மில்லிமீட்டர் தட்டைக் கேபிள் சுவரின்மேல் வெளிப்படையாகப் போனால் 47 ஆம்பியர் தாங்கும். வெப்பத்தடுப்புப் பஞ்சு நிரப்பிய சுவருக்குள் பைப்பில் போனால் 32. வெப்பத்தடுப்புப் பஞ்சு நாலாபுறமும் மூடியிருந்தால் 23.5. அதே ஒயர்தான், தாங்கும் அளவு மட்டும் சரிபாதி. சமீபத்தில் வீட்டின் கூரையிலோ சுவரிலோ பஞ்சு அடைத்திருந்தால், பழைய அடுப்பு ஓடியதே என்ற சமாதானம் செல்லாது.

எம்சிபி காப்பாற்றுவது அடுப்பை இல்லை, ஒயரை. ஒயர் தாங்கும் ஆம்பியரைவிட எம்சிபியின் எண் பெரிதாக இருக்கவே கூடாது. புதிய அடுப்பு அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 32-ஐக் கழற்றி 40 மாட்டுவது, நோயாளியை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை. இந்த சர்க்யூட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு குறிப்பு. அடுப்புக்கான ஸ்விட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் வகையாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து 2 மீட்டருக்குள், கைக்கு எட்டும் பக்கவாட்டில் இருப்பது நல்லது. தட்டுக்கு நேர் மேலே இருந்தால் தீப்பிடித்த நேரத்தில் நெருப்பைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டிவரும்.

மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வது

அடுப்பு ஸ்விட்சை அணைப்பது போதாது. அணைத்தாலும் அந்த ஸ்விட்சுக்குள் பலகையிலிருந்து வரும் பக்கம் உயிரோடுதான் இருக்கும். பலகையில் அடுப்பின் எம்சிபியை இறக்குங்கள், முடிந்தால் மெயினையே இறக்குங்கள். அதன்மேல் பூட்டு மாட்ட வசதி இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் டேப் ஒட்டி, வேலை நடக்கிறது என்று எழுதி, வீட்டில் எல்லோரிடமும் வாயாலும் சொல்லிவிடுங்கள். வைஃபை வரவில்லையே என்று யாராவது போய் மேலே தள்ளிவிடுவது நடக்காத கதை இல்லை.

அப்புறம் சோதனை. சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது எரியாததற்கு மின்சாரம் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ரப்பர் செருப்பில் நின்றால் எரியாமல் போகலாம், பல்ப் பழுதானாலும் எரியாது. இரண்டு முனை உள்ள வோல்ட்டேஜ் டெஸ்டரை எடுங்கள். முதலில் மின்சாரம் இருக்கிற வேறொரு சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுப்பு ஒயரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று ஜோடியையும் தொடுங்கள். கடைசியாக அதே சாக்கெட்டுக்குத் திரும்பிப் போய் டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மெயினையே இறக்கியிருந்தால் சாக்கெட் உதவாது, அதற்கென்று விற்கும் பேட்டரி சோதனைக் கருவி வேண்டும். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்த மூன்றாவது படிதான். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பழையதைக் கழற்றுதல்

அடுப்பு ஆறியிருக்க வேண்டும். தரை கீறாமல் இருக்கப் பழைய அட்டைப் பலகையை அடியில் தள்ளிவிட்டு, இரண்டு பேராக நேராக இழுங்கள். பின்னால் ஒயர் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறார்கள் என்று தெரியாது, அதனால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டாம். சாய்ந்து விழாமல் இருக்க பின்பக்கச் சுவரிலோ தரையிலோ கொக்கி, சங்கிலி மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

டெர்மினல் மூடியைத் திறந்ததும் முதல் வேலை போட்டோ எடுப்பது. எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும்படி இரண்டு மூன்று படம். மூடி திறந்த நிலையில் டெர்மினலில் இன்னொரு முறை டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம்தான் ஸ்க்ரூ.

கழற்றிய ஒயரின் முனையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கருகிய தடம் இருந்தால் முன்பே சொன்னபடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருகாமல் செம்பு மட்டும் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அல்லது உறை கெட்டிப்பட்டு வளைத்தால் வெடித்தால், நல்ல செம்பு வரும்வரை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு நீளம் போதாவிட்டால் நடுவில் முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள். சுவரில் உள்ள அடுப்பு இணைப்புப் பெட்டியிலிருந்து புதிய கேபிள் போடுங்கள். அளவு குறையாமல், தயாரிப்பாளர் சொன்ன வகையில், வெப்பம் தாங்கும் உறையோடு. சாதாரணப் பிவிசி உறைக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. ஓவனின் முதுகில் உரசிக்கொண்டு கிடந்தால் அது வெகுநாள் வராது.

நிறங்கள்

இன்று பரவலாக இருப்பது பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். ஆனால் சுவருக்குள் இருப்பது எந்தக் காலத்து ஒயர் என்று யாருக்குத் தெரியும்? பிரிட்டனின் பழைய வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இந்திய வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். வட அமெரிக்காவில் கறுப்பும் சிவப்பும் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். ஓரிடத்தில் நியூட்ரலாக இருக்கும் நீலம் இன்னோரிடத்தில் ஆளைக் கொல்லும். நிறத்தைப் பார்த்து யூகித்துவிட்டு, மீட்டரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வட அமெரிக்காவைச் சொன்னதால் ஒரு பக்கக் குறிப்பு. அங்கே அடுப்புக்கு இரண்டு ஃபேஸ், 240 வோல்ட். 1996-க்குப் பிந்தைய விதிப்படி புதிய சர்க்யூட்டில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாக, மொத்தம் நான்கு ஒயர். நான்கு ஒயர் கேபிள் மாட்டும்போது நியூட்ரலை அடுப்பின் உடலோடு சேர்க்கும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் அடுப்பின் உடம்பே நியூட்ரல் மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும்.

புதிய அடுப்பின் டெர்மினல்

மூடியைத் திறந்தால் மூன்றுக்குப் பதில் ஐந்தாறு ஸ்க்ரூ இருக்கும். ஒரே அடுப்பை ஒற்றை ஃபேஸிலும் மூன்று ஃபேஸிலும் இணைக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. வீட்டில் ஒற்றை ஃபேஸ் என்றால், ஃபேஸ் ஸ்க்ரூக்களைச் சிறு செம்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அவற்றை லிங்க் என்பார்கள். சில அடுப்பில் மாட்டியே வரும், சிலவற்றில் ஒரு சின்னப் பையில் போட்டு உள்ளே ஒட்டியிருக்கும். மூடியின் உட்புறத்திலோ பின்தகட்டிலோ ஒரு படம் இருக்கும். அதில் உங்களுடைய வோல்ட்டேஜுக்கான படத்தைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்.

லிங்க் போட மறந்தால் பெரிய விபத்து இல்லை. இரண்டு தட்டு சூடாகும், மற்ற இரண்டும் ஓவனும் ஊமையாக நிற்கும். அடுப்பே பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் மூன்று ஃபேஸ் ஒயரைக் கொண்டுவந்து லிங்க்கைக் கழற்றாமல் இணைத்தால், ஃபேஸோடு ஃபேஸ் முட்டி டமார்தான்.

இணைப்பு

கேபிளை நழுவாமல் கவ்விக்கொள்ளும் பிடிப்பானுக்குள் முதலில் அதை நுழைத்துவிடுங்கள். மூன்று ஒயரையும் இணைத்து முடித்தபின், ஐயோ இதை விட்டுவிட்டோமே என்று கழற்றுவது எனக்கே நடந்திருக்கிறது. பிடிப்பான் கவ்வ வேண்டியது வெளி உறையை, உள்ளே இருக்கும் ஒற்றை ஒயர்களை இல்லை.

எர்த் ஒயரை மற்ற இரண்டைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது அடுப்பை முரட்டுத்தனமாக இழுத்துப் பிடிப்பான் நழுவினாலும் ஃபேஸ் முதலில் பிடுங்கிக்கொள்ளும், எர்த் கடைசிவரை நிற்கும். தட்டைக் கேபிளில் எர்த் உறையில்லாத வெறும் செம்பாக இருந்தால் பச்சை-மஞ்சள் குழாய் உறையை அதன்மேல் செருகுங்கள்.

உறையை உரிக்கும்போது செம்பில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையேடு சொல்லும் நீளம், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. பல இழை ஒயராக இருந்தால் முனையில் ஈயம் வைக்காதீர்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நசுங்கி விலகும். இன்று இறுக்கமாக இருப்பது நாளடைவில் லூஸாகிவிடும். அதற்குப் பதில் முனைக்குழாய் என்ற சிறு உலோகக் குழாயை மாட்டி, அதற்கான இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஒற்றை இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது ஸ்க்ரூ. உறையின் விளிம்பு டெர்மினல் வரை வர வேண்டும், ஆனால் உறையின்மேல் ஸ்க்ரூ கடிக்கக் கூடாது. கடித்தால் இறுக்கமாகத்தான் தெரியும், உள்ளே செம்பு தொட்டும் தொடாமலும் இருக்கும். சரியான அகல முனையுள்ள ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். ஒயரை இருபுறமும் லேசாக ஆட்டுங்கள். மறுபடி இறுக்குங்கள். இழைகள் இடம் மாறிப் படிந்திருப்பதால் பெரும்பாலும் இன்னொரு கால் சுற்று ஏறும். நான் முதலில் சொன்ன அந்த முக்கால் சுற்று, இந்த இரண்டாவது இறுக்கலை யாரோ செய்யாததால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கையேட்டில் டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசையோடு இறுக்குவது என்பது, கொடுத்திருந்தால் டார்க் ஸ்க்ரூ டிரைவரால் அந்த அளவுக்கு இறுக்குவது இன்னும் நல்லது. கடைசியில் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள்.

சுவர்ப் பெட்டியிலும் ஸ்விட்சிலும் உள்ள ஸ்க்ரூக்களையும் இதே முறையில் பார்த்துவிடுங்கள். அவையும் அதே மின்சாரத்தைத்தான் சுமக்கின்றன. எல்லாம் முடிந்ததும் பிடிப்பானை இறுக்கி மூடியைப் போடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன்

அடுப்பின் எல்லாத் திருகு குமிழ்களும் அணைந்திருக்க, சுவர் ஸ்விட்சும் அணைந்திருக்க, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எர்த் ஸ்க்ரூவுக்கும் அடுப்பின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் இடையே கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட்டில் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் இருக்கும். சுவர் ஒயரை அதனால் சோதிப்பதானால் அடுப்பை அதிலிருந்து பிரித்துவிட்டுத்தான் சோதிப்பார், இல்லாவிட்டால் அடுப்பின் மின்னணுப் பலகை பாழாகலாம்.

அடுப்பை உள்ளே தள்ளும்போது ஒருவர் பின்னால் எட்டிப் பார்க்கட்டும். கேபிள் காலடியில் நசுங்கக் கூடாது, சுருண்டு ஓவனின் முதுகில் சாயக் கூடாது. சாய்வுத் தடுப்புக் கொக்கியை மறுபடி மாட்டுங்கள். திறந்த ஓவன் கதவின்மேல் குழந்தை ஏறினால் அடுப்பு முன்னால் கவிழும், அதற்காகத்தான் அது.

முதல் சூடு

எம்சிபி, சுவர் ஸ்விட்ச், அப்புறம் ஒவ்வொரு தட்டாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், எது தகராறு செய்கிறது என்று தெரியாமல் போகும்.

ஆர்சிசிபி உடனே ட்ரிப் ஆனால் பதற வேண்டாம். ஓவனைச் சூடாக்கும் கம்பிக்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். கிடங்கில் கிடந்த நாட்களில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். எந்தக் கம்பியைப் போட்டால் ட்ரிப் ஆகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓரிரு முயற்சிக்கு மேல் நிற்காவிட்டால் சர்வீஸ் ஆளையோ எலக்ட்ரீஷியனையோ கூப்பிடுங்கள். கம்பியை உலர்த்துவதற்கும், அது ஈரம் இல்லாமல் நிஜமான பழுதா என்று பார்ப்பதற்கும் அவர்களிடம் வழி உண்டு. எர்த்தைக் கழற்றிவிட்டு கொஞ்ச நேரம் ஓட்டினால் காய்ந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அடுப்பைத் தொடுபவரின் உடம்புதான் எர்த்.

ஓவனைக் காலியாக, கையேடு சொன்ன சூட்டில் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிந்து புகையும் நாற்றமும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கருகிய மீன் நாற்றம் போல, பிளாஸ்டிக் எரிகிற மாதிரி வாடை சுவர் ஸ்விட்ச் பக்கத்திலிருந்து வந்தால் அது எண்ணெய் இல்லை. உடனே பலகையில் அணைத்துவிடுங்கள்.

முதல் தடவை ஓவனும் இரண்டு தட்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, சுவர் ஸ்விட்சின் முகப்பில் ஈரமில்லாத உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால், பலகையில் அணைத்துவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு, முதலில் நியூட்ரல் ஸ்க்ரூவைப் பாருங்கள்.